அளவையும் சாட்சியமும்

உண்மையை அறியும் வழிகளை நம் தருக்க நூலார் அளவை என்றனர். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள்ளேயே ஏனையவற்றைச் சைவ சித்தாந்திகள் அடக்குவர். இவற்றுள் உரை என்பது நம்பத்தக்கோன் கூற்றாயின் மட்டுமே அளவையாகும். ஆற்று நீரின் தூய்மையை அறிவதில் இவை எவ்வளவு தூரம் துணைசெய்யும் என்பதை, ஐக்கிய அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டு நிலக்கரிச் சுரங்கங்களை முன்வைத்து ஈண்டு நோக்குவோம்.

காண்டல் இங்கு ஏமாற்றுகின்றது. நிலக்கரிப் படைகளிற் கலந்துள்ள பைரைற்று என்னும் இரும்புக் கனியம் காற்றும் நீரும் பட்டதும் சல்பூரிக்கமிலத்தைப் பிறப்பிக்கின்றது. கரைந்து வரும் இரும்பு செம்மஞ்சள் வண்டலாய்ப் படியுமிடத்து எவரும் எச்சரிக்கையடைவர். இரும்பு படியாதவிடத்தோ அமில நீர் பளிங்கெனத் தோன்றும். பாசியும் பிறவுயிரும் அருகிப்போதலே அத்தெளிவுக்கு ஒரு காரணம். நாம் தெளிவு என்று போற்றுவது சிலபோது இறப்பின் அடையாளமே. மலையுச்சியைத் தகர்த்துப் பாறைக்கழிவைப் பள்ளத்தாக்கிற் கொட்டுமிடங்களில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கு சல்பேற்று முதலிய உப்புகள் கரைந்து நீரின் மின்கடத்துதிறனை உயர்த்துகின்றன. 2011இல் அந்நாட்டுச் சூழற் பாதுகாப்பு முகவரகம் இதற்கு, சென்ரிமீற்றருக்கு 300 மைக்கிரோசீமன் என்றோர் எல்லையை வகுத்தது. அதனைக் கடப்பின் நீர்ப்பூச்சி இனங்களுள் இருபதில் ஒரு பங்குக்கு மேல் அற்றுப்போகும் என்பது கணிப்பு. இதனைக் கண்ணும் அறியாது, நாவும் அறியாது.

கருவி கொண்டு அளந்தவன் சொல்லையே, அதாவது உரையையே, நாம் சார்ந்து நிற்கின்றோம். அவன் யார்? 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தின் ஏற்பாட்டின்படி, கழிவுநீரை வெளிவிடும் சுரங்க உரிமையாளனே அதனை அளப்பித்து அரசுக்கு அறிக்கை அனுப்புதல் வேண்டும். குற்றவாளியாகக்கூடியவனே சாட்சியுமாகின்றான்! இதனை எள்ளுதல் எளிது. ஆயின் முற்றும் நியாயமாகாது. ஒவ்வொரு வடிகால் வாயிலிலும் அலுவலரை நிறுத்துதல் எவ்வரசுக்கும் இயலாது. அன்றியும், தன் பிழையைத் தானே எழுதிக் கையொப்பமிடுக என்பது மனிதனை நம்பி இடப்படும் கட்டளை. அந்நம்பிக்கையில் ஓர் உயர்வு உண்டு.

அந்நம்பிக்கை சிதைந்தமைக்கு மேற்கு வேர்ஜினியா சான்று. சுரங்க நீரைச் சோதிக்கும் ஆய்வுகூடமொன்றைச் சேர்ந்த ஒருவர் 2014இல் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மாதிரி நீரிற் காய்ச்சி வடித்த நீரைக் கலந்தும், எல்லை மீறாதென முன்னரே அறிந்த இடங்களில் மாதிரி எடுத்தும் நல்ல எண்கள் பெறப்பட்டிருந்தன. பொய் எண் ஆற்றுக்கு நேரே தீங்கு செய்வதில்லை. ஆற்றை அது முன்போலவே விட்டுவிடுகின்றது. தாழ்புலத்தில் வாழ்வோன் முறையிடுவதற்கான ஆதாரத்தையே அது பறித்துக்கொள்கின்றது. நஞ்சூட்டலினும் இது சிறிய குற்றமென நாம் கருதவில்லை.

ஆயினும் பொய்யுரைத்தவன் ஒருவனே பொறுப்பாளியா? கென்ரக்கி மாநிலத்தில் 2010இல், சுற்றாடல் அமைப்புகள் சில இரு நிலக்கரி நிறுவனங்கள்மீது குற்றஞ்சாட்டின. அவை புதிதாக ஒரு துளி நீரையேனும் அளந்து இதனைக் கண்டுபிடிக்கவில்லை. அரசு அலுவலகத்திற் கிடந்த அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்து வாசித்தன, அவ்வளவே. ஒரு காலத்து எண்களே மறுகாலத்திலும் மாறாது நின்றன. மழையும் வெயிலும் மாறிவரும் மலைநாட்டு ஓடையில் இது இயற்கையன்று என்பதை உணரப் பெரும் புலமை வேண்டியதில்லை. அரசுத் தரப்போ அதனைப் படியெழுதுகையில் நேர்ந்த வழுவென்றே கொண்டது.

உரை அளவையாதற்கு உரைப்போன் மட்டுமன்றிக் கேட்போனும் வேண்டும் என்பதை நம் தருக்க நூல்கள் விரித்துரைத்ததாகத் தெரியவில்லை. கேட்போன் இருப்பான் என்று அவை இயல்பாகவே கொண்டிருக்கக்கூடும். பெற்றுக் கோப்பிலிட்டவன் வாசித்தவன் ஆகான். அவன் வாசியாமையைப் பொய்யன் நன்கறிவான். அவ்வறிவே அவனுக்கு முதல்.

2014இல் அதே அமைப்புகள் அவ்விரு நிறுவனங்களுள் ஒன்றின் அறிக்கைகளை மீண்டும் எடுத்து வாசித்தன. எண்கள் மறுபடியும் படியெடுக்கப்பட்டிருப்பதாகக் கூறி, வழக்குத் தொடரும் அறிவித்தலை மீண்டும் விடுத்தன.