கன்றுக்கு நாம் பட்ட கடன்

நெடுந்தீவின் புல்வெளியில் மேயும் பசுவுக்கும் நம் தோளிலுள்ள சிறு தழும்புக்கும் தொடர்புண்டு. அத்தழும்பு பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம். பிரான்சிய அறிஞர்களான கல்மெற்றும் கெரினும் 1908 முதல் 1921 வரை மாட்டுக் கசநோய்க் கிருமியை 230 முறை மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்து அம்மருந்தை ஆக்கினர். நம் குழந்தைகளைக் காக்கும் மருந்து பசுவின் நோயிலிருந்தே பிறந்தது.

அப்பசுவுக்கு நாம் அளித்தது யாது? செல்வ நாடுகள் பலவும் தோற்சோதனையில் நோய் காட்டிய மாட்டைக் கொன்று, உரியவனுக்கு ஈடு கொடுத்தன. ஊசி பெற்ற மாடும் அச்சோதனையில் நோயுற்றதுபோல் தோன்றுமாதலின், ஊசி விலக்கப்பட்டது. ஒரே பசுவை நம்பி வாழும் தீவகக் குடும்பத்துக்கு இவ்வழி பொருந்தாது. ஆயின், கொல்லோம் எனக் கூறி நோயுற்ற பசுவைப் பட்டியில் விட்டுவைத்தலும் அறமன்று. அது அயலிலுள்ள கன்றுக்கும், காய்ச்சாத பாலை அருந்தும் குழந்தைக்கும் நோயைக் கொடுக்கும். கொல்லாமை காவாமையாக முடிதல் கூடாது.

மூன்றாம் வழியொன்று இன்று தென்படுகின்றது. எதியோப்பியாவில் நிகழ்ந்து 2024இல் வெளியான ஆய்வு, கன்றுகளுக்கு இடும் பி.சி.ஜி. நோய்ப்பரவலை ஏறக்குறைய 89 சதவீதம் குறைக்கும் எனக் கணித்தது. பி.சி.ஜி.யில் இல்லாத கிருமிப் புரதங்களைக் கொண்டு, ஊசி பெற்ற மாட்டையும் நோயுற்ற மாட்டையும் பிரித்தறியும் சோதனையும் உருவாகியுள்ளது.

அவ்வாய்வில் ஊசி பெறாத கன்றுகளும் நோயுற்ற மாடுகளுடன் அடைக்கப்பட்டன என்பதை மறத்தலாகாது. அவற்றின் துன்பத்தால் பெற்ற அறிவைப் பயன்படுத்தாது விடுவோமாயின், அது இரண்டாவது கொடுமையாகும். வாயில்லாச் சீவனிடம் பட்ட கடனை வணக்கத்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது.