தேடுகிறவனின் பிரார்த்தனை

அயர்லாந்து தேசத்து யூ2 என்னும் ராக் இசைக்குழுவினர் 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்த்திய இசைப் பயணத்தைச் சித்திரிக்கும் 'ராட்டில் அண்ட் ஹம்' என்ற திரைப்படம், ஃபில் ஜோவானூவின் இயக்கத்தில் மறு வருஷம் வெளிவந்தது. மெம்பிஸ் நகரத்து சன் ஸ்டூடியோவும் பி. பி. கிங்கின் கிதாரும் அதில் உண்டு. ஆயினும் என் மனத்தை ஆட்கொண்டது ஹார்லெம் தேவாலயக் காட்சியே. சிலுவையில் விசுவாசம் கொண்ட பின்னரும் தேடியது கிட்டவில்லை என்று ஏங்கும் யூ2வின் பாடலை, அங்கே கறுப்பின மக்களின் காஸ்பெல் குழு ஏற்றுப் பாடுகிறது.

நிறைவின்மையைச் சொல்லும் பாட்டுக்கு ஆலயத்தில் இடமுண்டா? கத்தோலிக்கத் தந்தைக்கும் புராட்டஸ்டண்ட் தாய்க்கும் பிறந்து, சமயம் மனிதரைப் பிரிக்கும் கொடுமையை அயர்லாந்தில் கண்டு வளர்ந்த பாடகர் பொனோவுக்கு இக்கேள்வி வெறும் தர்க்கமாக இருந்திருக்க முடியாது. பருத்திக் காடுகளில் அடிமைகளாய் உழைத்து, கண்ணுக்கு எட்டாத விமோசனத்தைப் பாடிப் பாடியே உயிர் தரித்திருந்த முன்னோர்களின் சந்ததியாருக்கோ, கிட்டாமையும் பக்தியும் முரண்பட்டவை அல்ல. அவர்களுடைய கீர்த்தனங்களே அந்தக் காத்திருப்பில் ஜனித்தவை. ஆகையால் சந்தேகத்தை நாத்திகத்தின் வாசற்படியாகக் கருதும் போதகர்களோடு நான் உடன்படேன். அந்தக் காஸ்பெல் குழுவின் தனிப்பாடகர்கள் குரலெடுக்கும்போது, அப்பாடல் முதலிலிருந்தே பிரார்த்தனையாகத்தான் இருந்தது என்பது எனக்கு ஐயமின்றித் தெளிகிறது.