உடலின் தராசும் நோன்பின் சலுகையும்

ரமலான் வந்துவிட்டால் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுண்டு. சர்க்கரை நோயுள்ள பெரியவர், "உயிர் போனாலும் நோன்பை விடமாட்டேன்" என்கிறார். இது ஈமானின் உறுதியா? அல்லது இறைவன் தந்த சலுகையை மறுப்பதா?

விடை காணுமுன் நம் உடலைச் சற்று நோக்குவோம். வளர்ந்த மனிதனின் இரத்தம் முழுவதிலும் உள்ள சர்க்கரை சுமார் 5 கிராம். ஒரு தேக்கரண்டி அளவுதான். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. இதைக் காக்கக் கணையத்தில் இரு ஹார்மோன்களை வைத்தான் அல்லாஹ். உண்டபின் சர்க்கரை ஏறும்போது, இன்சுலின் அதை ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஸஹருக்குப்பின் நேரம் செல்லச்செல்ல இன்சுலின் தணிகிறது. குளுக்ககான் எழுந்து, ஈரலின் சேமிப்பை இரத்தத்திற்குத் திறந்துவிடுகிறது. ஒன்று சேர்க்கும் கை, மற்றது கொடுக்கும் கை. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் பகலெல்லாம் நின்று உழைக்கும் நோன்பாளி மஃரிபு வரை தாங்குவது இந்த ஏற்பாட்டினால் அன்றோ!

இன்சுலின் ஊசி போடுபவரின் நிலை வேறு. 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் பிரித்தெடுத்த இன்சுலின், 1922-ல் நோயாளிகளுக்கு மருந்தாயிற்று. மாபெரும் நிஃமத்துதான். ஆயினும், கணையம் தேவைக்கேற்பத் தன் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். உடலில் ஏறிவிட்ட ஊசி மருந்தைத் திரும்ப அழைக்க இயலாது. நாள்பட்ட நோயாளிகள் பலருக்கு, கைகொடுக்க வேண்டிய குளுக்ககானும் சரிவர எழுவதில்லை. வியர்வை, நடுக்கம், மயக்கம் என ஆபத்து வருவது இதனால்தான். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பை விட்டுவிடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

நோயாளிக்குச் சலுகை அளித்தவன் யார்? நோன்பைக் கடமையாக்கிய அதே இறைவன், அதே பகரா அத்தியாயத்தில்! கட்டளையும் சலுகையும் எதிரெதிராகத் தோன்றினும் இரண்டும் அவனது ரஹ்மத்தே. ஓயாது நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் ஹக்கு உண்டென நபி (ஸல்) அவர்கள் உணர்த்தவில்லையா?

அதற்காகச் சர்க்கரையின் பெயரைச் சொல்லி எல்லோரும் நோன்பை விடலாமா? கூடாது. உணவுக் கட்டுப்பாட்டிலேயே நலமாயிருப்போர் பலர் நோற்க முடியும். அதை முடிவு செய்ய வேண்டியது நம் ஆசையோ அச்சமோ அல்ல, மருத்துவரின் சோதனை. அமிர்தியிலிருந்து வேலூருக்கு வைத்தியம் பார்க்கச் செல்பவர், பிறை கண்டபின் ஓடாமல் ரஜப் மாதத்திலேயே கேட்டுவரட்டும். குணமாகும் நோயாளி பின்னர் களாச் செய்யட்டும்; இனி நோற்கவே இயலாதவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்கட்டும். அதுவும் இபாதத்தே.

அமானத்தான இவ்வுடலைப் பேணி, தன் கட்டளையையும் சலுகையையும் மதித்து நடக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.