கண்ணொளியும் நீதியும்



மக்காவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுடன் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கேட்டு வந்தார்கள். அப்போது அவர்கள் பக்கம் திரும்பாதது குறித்து அல்லாஹ் தஆலா 'அபஸ' சூராவின் வசனங்களை இறக்கிவைத்தான். பிற்காலத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்றபோது பலமுறை அந்த ஸஹாபியையே தமது பிரதிநிதியாக நியமித்துச் சென்றார்கள். அது இரக்கப்பட்டுக் கொடுத்த உதவியன்று. தகுதியறிந்து ஒப்படைத்த அமானிதம்.

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2014-ல் தமிழ்நாட்டில் சிவில் நீதிபதிப் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரியபோது, பார்வைக் குறைவு 40 முதல் 50 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டினார்கள். 70 சதவிகிதக் குறைவுள்ள வழக்கறிஞர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2019-ல் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் 2025 மார்ச் 3-ஆம் நாள் அதே நீதிமன்றம், ஊனத்தை மட்டுமே காரணம் காட்டி எவரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

முற்கால இமாம்களில் பெரும்பாலோரும் காஜிக்குப் பார்வை வேண்டும் என்றே கூறினார்கள். வாதி யார், பிரதிவாதி யார் என்று இனம் காண வேண்டுமே என்பது அவர்கள் கண்ட காரணம். அனுமதித்தோரும் இருந்தார்கள். இன்றோ கணினி ஆவணத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. காரணம் நீங்க வழி பிறந்த பின்பும் தடையை மட்டும் நாம் பற்றிக்கொண்டிருப்பது முறையாகுமா?

சட்டத்தின் கதவு திறந்துவிட்டது. நம் வீட்டின் கதவு? நாகையிலாகட்டும், நாகூரிலாகட்டும், பார்வையற்ற பிள்ளை சட்டம் படிக்க விரும்பினால், "உனக்கெதற்கு வக்கீல் படிப்பு? உதவித்தொகை வந்தால் போதாதா?" என்று முதலில் தடுப்பது நீதிபதியல்ல, பெற்ற நாமே! பாசத்தால்தான் தடுக்கிறோம். ஆனால் பாசமும் ஒருவருடைய ஹக்கைப் பறித்துவிடும்.

ஆகவே, பாடநூலை அப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுவோம். ஏழைப் பிள்ளையாயின் ஜமாஅத்தார் ஒரு கணினி வாங்கிக் கொடுக்கட்டும். நம்மிலுள்ள மூத்த வக்கீல்கள் அவரை ஜூனியராகச் சேர்த்து, வழக்குக் கட்டுகளை நம்பி ஒப்படைக்கட்டும். நடக்க இயலாதவர் ஏறிவரப் பள்ளிவாசல் படியருகே சாய்தளம் அமைப்போம்.

மனிதனின் குறையைப் பார்க்காமல் தகுதியைப் பார்க்கும் உள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.