படைப்பு வாதமும் இரண்டு உயிர்களும்

உயிர்கள் தாம் வாழும் இடத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது எப்படி? திட்டமிட்டுப் படைத்தவன் ஒருவன் இருப்பதற்கு அதுவே சான்று என்றார் இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் பேலி. 1802இல் வெளிவந்த அவரது 'இயற்கை இறையியல்' நூலை இளமையில் டார்வினும் மெச்சிப் படித்தார்.

பேலியின் கட்சிக்கு வாகான உயிர் ஹிப்போகாம்பஸ் பார்கிபாண்டி என்னும் குட்டைக் கடற்குதிரை. சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். மேற்குப் பசிபிக்கில் மியூரிசெல்லா என்ற கடல்விசிறிப் பவளத்தைப் பற்றிக்கொண்டே வாழ்கிறது. உடலிலுள்ள குமிழ்கள் விசிறியின் மூடிய பாலிப்களைப் போலவே இருக்கும். 1969இல் நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்கிபாண்ட் தாம் சேகரித்த கடல்விசிறியை ஆராய்ந்தபோதுதான் அதன்மேல் கடற்குதிரை இருப்பதே தெரியவந்தது. ஆனால் இதன் நிறம் பிறவியில் முடிவாவதில்லை. ஊதா நிறக் கடற்குதிரைகளின் குஞ்சுகள், சான் பிரான்சிஸ்கோ நீர்வாழ் காட்சியகத்தில் ஆரஞ்சு விசிறியில் வளர்ந்தபோது ஆரஞ்சாகவே மாறின. இதனால் பேலியின் வாதம் சாய்ந்துவிடாது. அந்த மாறும் திறனையும் இறைவனே தந்தான் எனலாம்.

பிஸ்டன் பெட்டுலேரியா என்ற அந்துப்பூச்சி விஷயத்தில் அப்படிச் சொல்வது கடினம். மிளகுப்பொடி தூவியதுபோன்ற வெள்ளைச் சிறகு அதன் பழைய வடிவம். கரிய வடிவம் 1848இல் மான்செஸ்டரில் பதிவானது. ஆலைப்புகையால் மரங்கள் கறுத்த அந்த வட்டாரத்தில், 1895இல் நூற்றுக்கு 98 பூச்சிகள் கறுப்பு. எந்தப் பூச்சியும் நிறம் மாறவில்லை (அதன் புழு மட்டும் குச்சிக்கேற்ப மாறும்). வெள்ளையாய்க் கண்ணில் பட்டவற்றைப் பறவைகள் தின்றன. இதைச் சோதிக்க 1953இல் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனையின் முறை குறித்துக் குறைகள் எழுந்தது உண்மை. பின்னர் கேம்பிரிட்ஜில் மைக்கேல் மேஜரஸ் பல ஆண்டுகள் செய்த ஆய்வு, பறவைகளே காரணம் என்பதை உறுதிப்படுத்தியது. 1956இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் புகை குறைய, வெள்ளை வடிவமே மீண்டும் பெருகியது.

பொருந்தாதவை மாண்டதன் மிச்சமே இங்கே பொருத்தம். கறுப்பு ஒரு திட்டம் என்றால், நூறாண்டு சொச்சத்தில் கைவிடப்பட்ட திட்டம் அது. ஆகவே பொருத்தத்தைக் கண்டதும் திட்டத்தை ஊகிக்கும் பேலியின் தாவல் செல்லாது. இறைவன் இல்லை என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. ஒரு மரபணுவுக்குள் இடம்பெயர்ந்து செருகிக்கொண்ட டிஎன்ஏ துண்டுதான் கறுப்பு நிறத்தைத் தந்தது என 2016இல் கண்டறியப்பட்டது. அந்தச் செருகலை யாரேனும் வழிநடத்தினார்களா என்பதற்குப் பறவைகளை வைத்துச் செய்யும் சோதனை விடை தராது. மாற்றங்களை இறைவன் வழிநடத்துகிறான் என்றே டார்வினின் நண்பரும் தாவரவியலாளருமான ஆசா கிரே கருதினார். டார்வின் 1868இல் வெளியிட்ட நூலின் முடிவில் அதை ஏற்க மறுத்தார்.