கட்டிலருகே ஒரு சிநேகிதர்

பெங்களூரு ஓசூர் சாலையில் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' நடத்தும் முதியோர் இல்லம் நூறாண்டுகளைக் கடந்தது. அவ்வூழியத்தின் வேர் 1839-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் உள்ளது. ழான் ஜூகான் என்னும் ஏழைப் பணிப்பெண், பார்வையற்ற மூதாட்டி ஒருவரை வீட்டில் சேர்த்து, தன் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். பின்னாளில் அவரே தலைமையினின்று அகற்றப்பட்டார். 1879-இல் மரிக்கும்வரை, அவரே ஸ்தாபகர் என்பதை இளம் சகோதரிகள் பலர் அறியவில்லை. மறக்கப்படுதலின் வேதனையை அவரும் ருசித்தார்.

முதுமையில் கைவிடப்படுவோமோ என்று சங்கீதக்காரனும் கலங்கி ஜெபித்தான் (சங். 71:9). முதியோர் இல்லங்களில் ஆகாரமும் மருந்தும் கிடைக்கலாம். பெயர் சொல்லி அழைக்கும் குரல் கிடைக்கிறதா? பண்டிகை நாளில் மட்டும் பழக்கூடையுடன் சென்று திரும்புவது போதாது. வாரந்தோறும் ஒருவரிடமே சென்று, கேட்ட கதையையே மீண்டும் பொறுமையாய்க் கேட்பதே சிநேகம்.

பிரியமானவர்களே, இந்த வாரம் யாருடைய கட்டிலருகே அமரப்போகிறீர்கள்? அங்கே கர்த்தர் உங்களுக்காகக் காத்திருக்கிறார் (மத். 25:40).