செஞ்சோற்றுக் கடன் எதுவரை?

உண்ட சோற்றுக்காக உயிர் கொடுப்பதை நம் மரபு அறமாகவே போற்றுகிறது. அண்ணன் செய்தது தவறென்று அறிந்தும் அவனுக்காகவே போரிட்டு மாண்ட கும்பகர்ணனுக்காக நாம் கலங்குகிறோம். அறத்தின் பக்கம் போன வீடணனைப் புகழும்போதோ சற்றுத் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் சரியா? இலங்கையின் ஊவாப் பகுதியின் வரலாறு இக்கேள்வியைப் போர்க்களத்திலேயே இருமுறை எழுப்பியது. 1630 ஆகஸ்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகையில், அவர் படையின் பெரும்பகுதியான லஸ்கரீன்கள் எனப்பட்ட சிங்களப் படைவீரர்கள் ரந்தெனிவெலயில் எதிரிகளான கண்டி அரசின் படையோடு சேர்ந்துகொண்டனர். அவர்களை நடத்திய முதலியார்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அந்நிய ஆட்சியில் பதவி வகித்தவர்கள். 1817இல் ஊவா - வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய ஆளுநர் பிரவுன்றிக் அனுப்பிய திசாவை (மாகாண அதிகாரி) கெப்பெட்டிப்பொலவும் கிளர்ச்சியாளர் பக்கமே சென்றார். ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டே சென்றார் என்பது வழிவழி வரும் செய்தி.

இவர்களைத் துரோகிகள் என்பவர்கள் கடனின் ஒரு பாதியைத்தான் பார்க்கிறார்கள். எல்லைப்புறத்தில் பேரரசுகள் உள்ளூர் வீரரின் விசுவாசத்தை நம்பியே நின்றன. அந்த விசுவாசம் நிபந்தனையோடு தரப்பட்டது. 1815 மார்ச் 2இல் ஆங்கிலேயருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையே கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம் புத்த சமயத்தைக் காப்பதாகவும், பிரதானிகளின் உரிமைகளை மதிப்பதாகவும் வாக்களித்தது. இரண்டே ஆண்டுகளில் பிரதானிகள் தங்கள் அதிகாரம் சிதைவதைக் கண்டனர். வாக்குக் கொடுத்தவன் அதை மீறிய பின், வாங்கியவன் மட்டும் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பது அறமாகாது.

ஒவ்வொரு வீரனும் தானே நீதிபதியானால் எந்தப் படை நிற்கும், வெல்லும் பக்கம் தாவுகிறவனும் அறம் பேசுவானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் மாறியவன் பெற்றதையும் இழந்ததையும் வைத்து அவனை அளக்கலாம். ரந்தெனிவெலயில் மாறியவர்கள் வென்ற பக்கத்தில் நின்றார்கள். அவர்களின் நோக்கத்தை ஐயுற இடமுண்டு. கெப்பெட்டிப்பொலவோ பதவியை இழந்து, 1818 நவம்பர் 26இல் கண்டியில் தலையையும் கொடுத்தார். ஊவாவின் வயல்களும் வீடுகளும் ஆங்கிலேயரால் எரிக்கப்பட்டன. அவர் முடிவின் விலையை ஏழைக் குடியானவரும் செலுத்தினர். அந்தப் பழி எரித்தவர்களையே முதலில் சேரும். ஆயினும் தலைவனின் மனச்சாட்சிக்குப் பிறர் உயிரும் விலையாகும் என்பதை மறைக்கக் கூடாது.

அரசு தன் கடனை மறந்த கதை அதோடு முடியவில்லை. பின்னாளில் அதே ஊவாவில், ஹாலிஎலயைச் சூழ்ந்த மலைகளில் தோட்டங்கள் எழுந்தன. அவற்றை உழைத்து எழுப்பிய தமிழரில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. விசுவாசத்தைக் கேட்கும் அரசு முதலில் தன் கடனைத் தீர்க்க வேண்டும். தீர்க்காத அரசுக்குத் துரோகம் என்ற சொல்லை உச்சரிக்கும் உரிமை இல்லை.